சாப்பிட்டு மூன்று மணி நேரம்

“வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு வெந்தா போயிடும்?” என்று என் அக்கா மிலேதிஸ் ஒருமுறை என்னைக் கேட்டாள். அவள் மகன் யாதியேலை மூன்றாவது முறையாகக் கடலுக்குக் கூட்டிப்போய், மூன்றாவது முறையாக ஒரு சொட்டு நனையாமல் திரும்பக் கூட்டிவந்த அன்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் அவன் நனைந்திருப்பான்.

எங்கள் பக்கத்தில் சாப்பிட்ட பிள்ளையை மூன்று மணி நேரத்துக்குத் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். இறக்கினால் செரிமானம் பாதியில் அறுந்து, கை கால் இழுத்து, பிள்ளை அங்கேயே போய்விடும் என்பார்கள். அப்படிப் போன ஒரு பையனை எல்லோருக்கும் தெரியும். ஒரு தட்டு வாழைக்காய் மசியல் சாப்பிட்டுவிட்டு நேராகக் கடலில் குதித்தானாம். அவன் பெயர் என்ன என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது. ஒருத்தி அவனை அசுவா ஊர்க்காரன் என்பாள், இன்னொருத்தி ஹிகுவே ஊர்க்காரன் என்பாள்.

இது ஒரு சட்டம். இதே மனிதர்களிடம் இன்னொரு சட்டமும் உண்டு. கடற்கரையில் கண்ணில் படும் எந்தப் பிள்ளையின் வாயும் சும்மா இருக்கக் கூடாது. இந்த இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவன் யாதியேல்.

முதல் தடவை யாரோ ஒரு அத்தை சலாமி இறைச்சி வைத்த ரொட்டியைக் கொடுத்தாள். இரண்டாம் தடவை பக்கத்தில் குடை நட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பிறந்தநாள், கேக் வெட்டினார்கள். மூன்றாம் தடவை எங்கள் தெருத் தோன்யா திவினாவின் ஸ்பகெட்டி. தோன்யா என்பது பெரியவளை மரியாதையாகக் கூப்பிடும் சொல். மூன்று தடவையும் நான் பக்கத்தில்தான் நின்றேன். தட்டை நீட்டுகிறவர்கள் என்னைவிடப் பெரியவர்கள், சிரித்த முகமாக நீட்டுகிறார்கள். என் வாய் திறந்தது. அதிலிருந்து வந்தது “நன்றி” மட்டும்தான்.

தெருப் பையன்கள் அவனுக்குக் கருவாடு என்று பெயர் வைத்தார்கள். உப்புத் தண்ணீர் படாமலே காய்ந்த கருவாடு என்று பாட்டுக் கட்டினார்கள். ஆறு வயதுப் பிள்ளை, பாட்டைக் கேட்டும் கேட்காததுபோல் நடக்கக் கற்றுக்கொண்டான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவன் அழுதுவிட்டாலாவது தேவலை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பயணம்தான் அந்த வருடத்தில் கடைசி. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், புயல், மழை. அடுத்த பஸ் ஈஸ்டருக்குத்தான். பஸ்ஸை ஏற்பாடு செய்வது தோன்யா திவினா. தெரு முனையில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவளும் அவள்தான். மிலேதிஸ் அப்போது ஒரு கிளினிக்கில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. திங்கட்கிழமையிலிருந்து பார்லரில் ஒரு நாற்காலி, அதாவது முடி அலங்கரிக்கிற வேலை, தருவதாகத் தோன்யா திவினா அவளிடம் அரைகுறையாகச் சொல்லி வைத்திருந்தாள். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை ஞாயிறு கழியட்டும், சொல்கிறேன் என்றிருந்தாள்.

அதனால் சனிக்கிழமை அக்கா என்னிடம் இரண்டு விஷயங்கள் சொன்னாள். யாதியேல் நனையாமல் வீட்டுக்கு வரக் கூடாது. தோன்யா திவினாவின் முகம் கோணக் கூடாது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எட்டாம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து சத்தமாகப் படிக்க வேண்டும் என்றபோது, என் முறை வரும் நாட்களிலெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு ஒருநாள் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். அப்படிப்பட்டவளிடம்தான் அக்கா இந்த இரண்டையும் ஒப்படைத்தாள்.

யாதியேல் வெள்ளிக்கிழமை மாலையிலிருந்தே நீச்சல் டிரவுசரைக் கால்சட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். இரவிலும் கழற்றவில்லை. ஞாயிறு காலை ஆறரைக்குப் பாலும் ரொட்டியும் சாப்பிட்டு முடித்ததும் என் போனை வாங்கி மணி பார்த்தான். ஒன்பதரை வரை விரல்விட்டு எண்ணினான். பிறகு உதடுகளை உள்ளே மடித்து வாயை இறுக்கி மூடிக்கொண்டான். இன்றைக்கு இது திறக்காது என்று அர்த்தம். நான்கு வயதுப் பெர்லா அண்ணனைப் பார்த்துத் தானும் வாயை மூடிப் பார்த்தாள். பிறகு தன் ரொட்டியைத் தின்றுவிட்டு அவன் தட்டிலிருந்த மிச்சத்தையும் தின்றாள்.

ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய பஸ் எட்டே முக்காலுக்குப் புறப்பட்டது. ஒரு குடும்பம் சோறு வேகட்டும் என்று காத்திருந்தது, பஸ் அந்தக் குடும்பத்துக்காகக் காத்திருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. நேரம் போகப் போகப் பையனின் வயிறு காலியாகிக்கொண்டிருக்கிறது என்று கணக்குப் போட்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பஸ்ஸுக்குள் பாட்டு காதைக் கிழித்தது. பின் இருக்கையிலிருந்து ஒரு சிப்ஸ் பாக்கெட் முன்னால் வந்தது. யாதியேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாக்கெட் பெர்லாவோடு முடிந்தது.

போகா சீக்கா கடற்கரையில் இறங்கியபோது மணி ஒன்பது முப்பத்தைந்து. கடல் அங்கே கடல் மாதிரியே இருக்காது. தூரத்தில் பவளப்பாறை வரிசை அலையை எல்லாம் அங்கேயே நிறுத்திக்கொள்ளும். இந்தப் பக்கம் குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். நூறு அடி நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்புக்கு மேல் வராது. குழந்தைகளுக்காகவே யாரோ கட்டி வைத்த தொட்டி போல. அதில் ஒரு பையனை இறக்க நான்கு பயணங்கள்.

யாதியேல் பஸ் படியிலேயே கால்சட்டையைக் கழற்றிவிட்டான். மணலில் இருபது எட்டு வைத்திருப்பான். தோன்யா திவினா இரண்டு கைகளிலும் எண்ணெய்த் தாளில் சுற்றிய யானிகேக்கே வைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள். பெரிய தட்டு அளவுக்குப் பொரித்த மாவு அப்பளம் அது. வந்ததும் வராததுமாகப் பிள்ளைகளுக்கென்று பத்து வாங்கியிருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். வெறும் வயிற்றோடு தண்ணீரில் இறங்கினால் தலை சுற்றும் என்று சொல்லிக்கொண்டே ஒரு துண்டைப் பிய்த்தாள்.

“வாயைத் தொற ராசா” என்றாள்.

யாதியேல் தலையை ஆட்டினான். அவள் அவன் மூக்கைச் செல்லமாகப் பிடித்தாள். மூக்கைப் பிடித்தால் வாய் திறந்துதானே ஆக வேண்டும். திறந்தது. துண்டு உள்ளே போனது. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். துண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவன் துப்பியிருக்கலாம். ஆனால் பெரியவர்கள் கொடுத்ததைத் துப்பக் கூடாது என்று அவன் அம்மா அடித்துச் சொல்லி வளர்த்திருக்கிறாள். மென்றான். மென்றுகொண்டே என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை.

ஒரு துண்டு சாப்பாட்டில் சேர்த்தியா என்று ஒரு சபையே கூடிப் பேசியது. மருந்து, நோய், பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் எங்கள் தெருவில் தோன்யா எர்மீனியா சொல்வதுதான் கடைசி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள், ஒரு வாய் என்றாலும் வாய்தான், வயிறு அளவு பார்க்காது, வேலையை ஆரம்பித்துவிடும் என்றாள். அதிலும் எண்ணெய்ப் பண்டம். பன்னிரண்டு நாற்பது வரை தண்ணீர் கிடையாது. தோன்யா திவினாவும் அதற்குத் தலையாட்டினாள். தான் ஊட்டிய துண்டுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

இதற்கிடையில் ஒரு முழு யானிகேக்கேயைத் தின்று முடித்த பெர்லா ஓடிப்போய் முழங்கால் தண்ணீரில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தாள். தூக்கிக்கொண்டு வந்தேன். ஆளாளுக்குத் திட்டினார்கள், துடைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஓடினாள். மத்தியானத்துக்குள் நான்கு முறை நனைந்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நான் முகத்தால் கேட்டேன். கன்னிமாதா காப்பாற்றினாள் என்று எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சட்டம் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

யாதியேல் ஒரு பாதாம் மரத்தடியில் குழி தோண்டினான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மணி கேட்டான். பத்து ஐந்து என்றேன். பத்து எட்டு என்றேன். பத்தரைக்கு மேல் அவன் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினேன், இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் கழுத்தளவு தண்ணீரில் நின்று அந்தக் கருவாட்டுப் பாட்டைப் பாடினார்கள். தண்ணீர் அமைதியாக இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கரைக்கு வந்தது. மாங்காய் விற்கிறவன் ஒருவன் பிள்ளைக்கு என்று சும்மா ஒரு துண்டு நீட்டினான். நான் அதை வாங்கி நானே தின்றேன். இனிப்பு உருண்டைக்காரி கொடுத்ததையும் தின்றேன். பதினொன்றரை ஆவதற்குள் எனக்குக் குமட்டியது.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் பானையின் மூடி திறந்தது.

தோன்யா திவினாவின் ஸ்பகெட்டி பற்றிச் சொல்ல வேண்டும். சிவப்பாக, சலாமித் துண்டுகளோடு, ரொட்டி வைத்துச் சாப்பிட. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து நாற்பது பேருக்குச் செய்வாள். பஸ்ஸில் பானையை மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாள். முதல் தட்டு எப்போதும் ஒரு பிள்ளைக்குத்தான். அதை யார் வேண்டாம் என்கிறார்கள் என்று அவள் வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பாள். மெக்கானிக் தெருவிலிருந்து ஒருத்தி ஒருமுறை டயட் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அதற்குப் பிறகு பஸ்ஸில் இடம் கிடைத்ததில்லை.

முதல் தட்டோடு அவள் பாதாம் மரத்துக்கு வந்தாள். யாதியேல் எழுந்து என் பின்னால் ஒளிந்தான். என் பாவாடையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இன்னும் பதினைந்து நிமிடம்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அது தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வர முடியாமல் வேறு ஏதோ ஒன்றைத் தனக்குப் பதிலாக அனுப்பிவிட்டது.

“அவனுக்கு வயிறு சரியில்ல” என்றேன்.

அந்த நிமிடம் எனக்கு என் சாமர்த்தியத்தின் மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது. தட்டு போகும், யார் மனமும் நோகாது, பன்னிரண்டு நாற்பதுக்குப் பையன் தண்ணீரில். எங்கள் தெருவில் பதினேழு வருடம் வாழ்ந்த ஒருத்தி இப்படி நினைத்திருக்கக் கூடாது.

தட்டு போகவில்லை. கீழே வைக்கப்பட்டது. தோன்யா திவினா யாதியேலின் நெற்றியில் கை வைத்தாள். தோன்யா எர்மீனியாவைக் கூப்பிட்டாள். அவளோடு நாற்காலிகளில் இருந்த ஐந்தாறு பேரும் எழுந்து வந்தார்கள். ஒருத்தி பையனை மணலில் படுக்க வைத்தாள். ஒருத்தி வயிற்றை அழுத்தி இங்கே வலிக்கிறதா, அங்கே வலிக்கிறதா என்று கேட்டாள். அவ்வளவு பலமாக அழுத்தினால் யாருக்கும் வலிக்கும். அவன் முனகினான். பார்த்தீர்களா என்றாள்.

காலையில் எண்ணெய்ப் பண்டம் கொடுத்ததால்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தோன்யா திவினாவின் முகம் சட்டென்று வாடியது. தானே இஞ்சி நீர் கொண்டுவருகிறேன் என்று ஓடினாள். பொரிக்கிற கடைக்காரியிடம் கெஞ்சி அடுப்பு வாங்கி, இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, சர்க்கரை கலந்து எடுத்து வந்தாள். யாதியேல் குடித்தான். தொட்டுக்கொள்ள இரண்டு உப்பு பிஸ்கட். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி ஒன்று ஆகிவிட்டது. பிஸ்கட் கணக்கில் சேர்த்தி என்றால் நாலு மணி. பஸ் கிளம்புவதும் நாலு மணி.

அதோடு விட்டிருக்கலாம். தோன்யா எர்மீனியா தன் கைப்பையிலிருந்து விக்ஸ் டப்பாவை எடுத்தாள். அந்த டப்பா இல்லாமல் அவள் பூசைக்குக்கூடப் போக மாட்டாள். வயிறு, மார்பு, முதுகு, உள்ளங்கால் எல்லாம் தேய்த்தாள். தேய்த்து முடித்து ஒரு துண்டால் அவனைச் சுற்றிக் கட்டினாள். பிறகு மணலில் வெயிலில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்து, இனி இன்றைக்கு இவன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டு வாய் கோணிவிடும் என்றாள். ஒரு பொய்க்கு ஒரு வைத்தியம், ஒரு வைத்தியத்துக்கு ஒரு தடை. இன்னொரு பொய் சொன்னால் பையனை ஆஸ்பத்திரிக்கே கொண்டு போயிருப்பார்கள்.

பெர்லா அண்ணனுக்கு வைத்த ஸ்பகெட்டியைக் கையாலேயே தின்றுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கடலில் கழுவினாள்.

ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. யாதியேல் துண்டுக்குள் மூட்டையாகக் கிடந்தான். விக்ஸ் வாசனைக்கு அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அது விக்ஸால்தான் என்று நான் என்னையே நம்பவைக்கப் பார்த்தேன். அவன் மணி கேட்பதை நிறுத்திவிட்டிருந்தான். நானாகவே இரண்டு பத்து என்றேன். அவன் தலையைத் திருப்பாமலே, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

“பரவால்ல சித்தி. வீட்டுக்குப் போனதும் குழாய்ல தலைய நனைச்சு விடு. நனைஞ்சேன்னு சொல்லிக்கலாம். உப்பும் கொஞ்சம் போட்டுக்கலாம்.”

அவன் அதை யோசித்து வைத்திருந்தான். எவ்வளவு உப்பு என்று வரைக்கும் யோசித்திருப்பான். அதுவரை எனக்கு எல்லோர் மேலும் எரிச்சலாக இருந்தது. தோன்யா திவினா மேல், தோன்யா எர்மீனியா மேல், மாங்காய்க்காரன் மேல், அசுவாவிலோ ஹிகுவேயிலோ பெயரில்லாமல் செத்துப்போன அந்தப் பையன் மேல். இப்போது அந்த எரிச்சல் மொத்தமும் திரும்பி என் மேல் வந்து நின்றது. என் பொய்யைப் பார்த்து ஒரு குழந்தை தனக்கு ஒரு பொய் தயாரித்துக்கொள்கிறான்.

உடனே எழுந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. தோன்யா திவினாவின் நாற்காலி பத்தடி தூரத்தில் இருந்தது. அந்தப் பத்தடியைப் பார்த்துக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மிலேதிஸ் நாளைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது கண்ணில் வந்தது. தரை துடைத்து வெடித்துப்போன அவள் கை வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளே பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டி வருவதற்காகத்தானே அந்தப் பார்லர் நாற்காலி. அதைக் கெடுக்க எனக்கு என்ன உரிமை? எனக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்தேன். பிறகு துண்டு மூட்டையைப் பார்த்தேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. எழுந்தேன்.

நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தார்கள். டொமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றதும் யாரும் நிமிரவில்லை. நான் வந்து நிற்பதும் பேசாமல் போவதும் அவர்களுக்குப் பழக்கம்.

“தோன்யா” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது, கொஞ்சம் அதிகமாகவும் இருந்தது. “யாதியேலுக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு. நான் பொய் சொன்னேன்.”

ஆட்டம் நின்றது.

“எதுக்கு?” என்றாள் தோன்யா திவினா.

“உங்க ஸ்பகெட்டி வேண்டாம்னு சொல்ல பயமா இருந்துச்சு.”

ஒருத்தி சிரிக்கப் பார்த்தாள். அடக்கிக்கொண்டாள். தோன்யா திவினா கையிலிருந்த டொமினோக் கட்டைகளைக் கவிழ்த்து வைத்தாள்.

“ஏன் மகளே, என் சாப்பாட்டுல விஷமா வச்சிருக்கேன்?”

இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அவள் சிரித்துவிட்டுக்கூட இருப்பாள். ஆனால் இத்தனை வருடம் மூடியே கிடந்த வாய்க்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

“நீங்களே ஊட்டுறீங்க, நீங்களே குளிக்காதங்கறீங்க. நாலு தடவையா இதே கதைதான். காலைல மூக்கைப் பிடிச்சுத் திணிச்சீங்க. அந்தப் பையன் பட்டினியாக் கிடந்து காத்திருந்தான், உங்களுக்கு அது கண்ணுலயே படல. பெர்லா தின்னுட்டுத் தின்னுட்டுத் தண்ணில விழுறா, அவளுக்கு என்ன ஆயிடுச்சு? அவன் இப்ப இறங்கப் போறான்.”

தோன்யா எர்மீனியா விக்ஸைப் பற்றி ஏதோ தொடங்கினாள். தோன்யா திவினா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். அவள் கண்ணில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதைவிட மோசமானது இருந்தது. காலையில் நாலு மணிக்கு எழுந்தவளின் களைப்பு இருந்தது. அடுப்பு கெஞ்சி வாங்கி இஞ்சி தட்டிய விரல்கள் இன்னும் சிவந்திருந்தன.

“கூட்டிட்டுப் போ” என்றாள். “ஏதாவது ஆச்சுன்னா என் பேரை எடுக்காத.”

நான் அவன் துண்டை அவிழ்த்தேன். முதலில் அவன் நம்பவில்லை. பிஸ்கட் சாப்பிட்டேனே என்றான். தெரியும் என்றேன். விக்ஸ் இருக்கே என்றான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். தண்ணீர் விளிம்பில் நின்று அவன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், கோணியிருக்கிறதா என்று. பிறகு கணுக்கால். முழங்கால். இடுப்பு. கழுத்து வரைக்கும் தண்ணீர் வரக் குந்தி உட்கார்ந்தான். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தலையையும் உள்ளே முக்கி எடுத்தான். அவனைச் சுற்றித் தைல எண்ணெய் வானவில்லாகப் படர்ந்தது. பாட்டுப் பாடிய பையன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். கருவாடு என்று யாரும் சொல்லவில்லை. அவ்வளவு விக்ஸ் வாசனையில் வேறு பெயர்தான் வைத்திருக்க முடியும்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அடுத்த தலைவலி. அவன் வெளியே வரமாட்டேன் என்றான்.

மூன்றரைக்குக் கூப்பிட்டேன். ஐந்து நிமிடம் என்றான். மூன்றே முக்காலுக்குக் கூப்பிட்டேன். தலையை முக்கிக்கொண்டான். காது கேட்கவில்லையாம். நாலு மணிக்கு டிரைவர் ஹாரன் அடித்தார். எல்லோரும் ஏறிவிட்டார்கள், குடைகளும் பானைகளும் பெர்லாவும் ஏறியாகிவிட்டது. நான் உடுத்தியிருந்த ஒரே நல்ல பாவாடையோடு இறங்கி அவனைத் துரத்தினேன். எனக்கு நீந்தத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு நீந்தத் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் துரத்துவதை நாற்பது பேர் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டி, தங்கச்சி, மீன் பிடிச்சது போதும், அடுத்த சவாரி காத்திருக்கு என்றார். பஸ் குலுங்கச் சிரித்தார்கள். முன் இருக்கையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

நாலு இருபத்தைந்துக்கு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். உதைத்தான். அவன் உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி நடைபாதை முழுக்க ஓடியது. முன் இருக்கையைத் தாண்டும்போது நான் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நின்றேன். தோன்யா திவினா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்கவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களும் கடற்கரையிலேயே தீர்ந்துவிட்டிருந்தன. நகர்ந்து போனேன்.

வழியெல்லாம் யாதியேல் பேசினான். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எரிகிறது என்றான். கால்விரலுக்கு நடுவில் மீன் போனது என்றான். உப்பு இவ்வளவு இருக்கும் என்று தெரியாது, வீட்டில் போட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பார்கள் என்றான். பிறகு பசிக்கிறது என்றான். என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று காலையிலிருந்து எல்லோரும் அவனுக்குக் கொடுக்க வந்த எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். இப்போது பஸ்ஸில் ஒரு கைகூட நீளவில்லை.

மிலேதிஸ் தெரு முனையில் நின்றுகொண்டிருந்தாள். கிளினிக் உடுப்பை மாற்றிவிட்டுத் தலை சீவி வந்திருந்தாள். யாதியேல் படியிலிருந்தே குதித்து அவள் மேல் விழுந்தான். அவள் அவன் முடியை மோந்து பார்த்தாள், நக்கிக்கூடப் பார்த்தாள். உப்பு. என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததாக அதற்கு முன் எனக்கு ஞாபகமில்லை. ஈர டிரவுசரோடு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் அவள் காதில் எதையாவது சொல்வதற்குள் பஸ் படியில் தோன்யா திவினா இறங்கினாள்.

அக்கா முகம் மலர்ந்து முன்னால் போனாள். பிள்ளையைக் கூட்டிப் போனதற்கு நன்றி சொன்னாள். கடவுள் புண்ணியத்தில் கடைசியில் நனைந்துவிட்டான் என்றாள். அக்கா முத்தம் கொடுக்கத் தோன்யா திவினா கன்னத்தைக் காட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது மாதிரிதான் இருந்தது. அக்காவுக்கு அது புரியவில்லை.

“அப்ப நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் தோன்யா?” என்று கேட்டாள்.

தோன்யா திவினா அவளைப் பார்த்தாள். அவள் இடுப்பில் ஈரம் காயாமல் இருந்த பையனைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம். நான் வாயைத் திறந்தேன். அவள் காத்திருந்தது போலத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

அவள் தோளில் கிடந்த துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். பானையைத் தலைக்கு ஏற்றினாள். பார்லர் கதவைத் தாண்டி, எத்தனை மணி என்று சொல்லாமலே தன் வீட்டுச் சந்துக்குள் போனாள்.